குழாயை முறுக்கிய கை

காலையில் ஆவடிக்குப் போகும் ஷேர் ஆட்டோ. எதிரே தொழிற்சாலைச் சீருடையில் இருவர். மீசைக்காரர் மடியில் சோப்பு டப்பாவும் துண்டும் இருந்தன.

"பாத்ரூம் கொழா சொட்டுறது நின்னுபோச்சு மச்சான். அதான் பேஜாரு" என்றார்.

"நின்னா நல்லதுதானே?" என்றார் கூட வந்தவர்.

"ஸ்பானர் போட்டு நான்தான் முறுக்கினேன். பீரங்கி வண்டிக்கே போல்ட்டு முறுக்குற கைடா இது! செவுத்துக்குள்ள பைப்பே ஒடைஞ்சிடுச்சு. மெயின் வால்வ மூடிட்டேன். ஊட்ல குளிக்கத் தண்ணி இல்ல."

"பிளம்பர கூப்டியா?"

"வந்தான். 'வாஷர் மாத்தியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். இப்ப செவுத்த ஒடைக்கணும். எவன் சார் இப்டி முறுக்கினது?'ன்னான். யாரோ ஒரு பிளம்பர்னு சொல்லிட்டேன்."

"அய்ய! உன் ஊட்டுக்காரம்மா?"

"பக்கத்துலயே நின்னுகினு கீறா. அவன் அவளாண்ட, 'அந்த மாதிரி ஆள இனிமே ஊட்டுக்குள்ளயே உடாதீங்கக்கா'ன்னான்."

"அதுக்கு?"

"என்னியே பாத்துகினு சொல்றா: 'சரிப்பா, இனிமே உடமாட்டேன்.'"