விரலை எடுத்தாலும் எரியும்

டார்ச் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் வெளிச்சம் எவ்வளவு தூரம் அடிக்கும் என்றுதான் கேட்கிறார்கள். பொத்தான் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் விசாரித்துவிட்டு ஆள் எப்படி என்று கேட்காமல் விடுகிற மாதிரிதான் இதுவும்.

உட்காருங்கள் சார். எழுதுகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள், பாவம். நான் நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன்.

நானும் மாப்பிள்ளையும் லிஃப்ட் மெக்கானிக்குகள். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். அவரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான், தங்கச்சியை அவருக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். எங்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாமே நான். எனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர்களும் அவர்களுடைய சின்னப் பெண்ணும் மாடியில் இருந்தார்கள், நான் கீழே. சாப்பாடு மட்டும் மேலே. "மாமா, சாப்பிட வா!" என்று குழந்தை படியில் நின்று கத்துவாள். அது காதில் விழுந்த பிறகுதான் எனக்குப் பசியே எடுக்கும்.

பழைய சரக்கு லிஃப்ட்டைப் பழுது பார்க்கும்போது ஒருவர் பெட்டியின் தலைமேல் ஏறி நிற்பார். இன்னொருவர் அதற்கும் மேலே, மோட்டார் அறையில் நின்று பெட்டியை மெல்ல மெல்ல ஏற்றுவார். மோட்டார் போடுகிற இரைச்சலில் பேச்சு கேட்காது. கான்கிரீட் சுவருக்குள் போனும் வேலை செய்யாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கம்பிவடம் இறங்குகிற துளை வழியாக அவர் டார்ச்சை மேல்நோக்கிக் காட்டுவார். வெளிச்சம் தெரிகிறவரை நான் ஏற்றுவேன். இருட்டிவிட்டால் நிறுத்துவேன். இத்தனை வருடமாக அது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

இதற்கு அடிப்பக்கத்தில் பொத்தான் உள்ள டார்ச்தான் லாயக்கு. கட்டைவிரலால் பாதி அமுக்கினால் எரியும், விட்டால் அணைந்துவிடும். ஆள் வழுக்கினாலும் மயங்கினாலும் விரல் தானாக விட்டுவிடும், லிஃப்ட் நின்றுவிடும். பக்கவாட்டில் பொத்தான் உள்ளது அப்படியல்ல. ஒரு தடவை தொட்டால் எரியும், விரலை எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். அணைக்க வேண்டுமென்றால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வீட்டில் கரண்ட் போனால் அது சௌகரியம். எங்கள் வேலைக்குச் சுத்தமாக ஆகாது. தலையை முறுக்கி எரியவிடுகிற வகையும் உண்டு, அதற்கு இரண்டு கை வேண்டும்.

மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார்.

"குடும்பத்தோடவே வரச் சொல்றாங்க மச்சான். பாப்பாவுக்கும் நல்ல ஸ்கூல். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

தங்கச்சியைப் பார்த்தேன். முகமெல்லாம் பல்லாக இருந்தாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "என்னண்ணா, வாயே திறக்க மாட்டேங்கிற?"

"நல்ல விஷயம்தானே," என்றேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை சார். தங்கமான மனுஷன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எனக்காகப் பயப்படவில்லை. அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? காய்ச்சல் என்று படுத்தால் யார் பார்ப்பது? அவளுக்கு எது நல்லது என்று அவளுக்குத் தெரியாது. என்றைக்குத் தெரிந்திருக்கிறது? எல்லாம் நான்தானே யோசித்துச் செய்வேன். இதையும் யோசித்தேன்.

டார்ச் கடைக்காரர் நல்லவர். என்ன வேலைக்கு என்று கேட்டுவிட்டு, "அப்படின்னா அடியில பொத்தான் வெச்சதையே எடுத்துக்குங்க," என்றார். பக்கவாட்டுப் பொத்தான்தான் வேண்டும், பரிசு கொடுக்க என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கி, விரலை எடுத்துப் பார்த்தேன். மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அப்படியே நின்றது. "ரொம்ப தூரம் அடிக்கும் சார்," என்றார்.

மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "எதுக்கு மச்சான் இதெல்லாம்?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடவை தொட்டால் எரியும், அணைக்க அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். இதை நீங்கள் கண்டிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஒளிக்கவில்லை. அவரும் தலையாட்டினார். தலைக்கு ஏறியது, விரலுக்கு ஏறவில்லை. வருடக்கணக்காகப் பழகிய விரல் அது. அவருடைய பழைய டார்ச்சைப் பழுது பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

அவர் வேலையை விட்டு நிற்கப்போகிற வாரம், கிடங்கு ஒன்றின் சரக்கு லிஃப்ட்டுக்குப் போனோம். பெட்டியின் தலையில் இருக்க வேண்டிய நிறுத்துப் பொத்தான் அங்கே என்றைக்கோ செத்துப்போயிருந்தது. கம்பெனியிடம் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்டது. காலை நேரம், கூட்டமில்லை. அவர் பெட்டிமேல் ஏறினார், நான் மோட்டார் அறைக்குப் போனேன். துளையில் வெளிச்சம் தெரிந்தது. ஏற்றினேன்.

லிஃப்ட் வழியின் உச்சியில் குறுக்கே போகிற உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே அவர் விரலை எடுத்திருப்பார். எப்போதும் அங்கேதான் எடுப்பார். வெளிச்சம் அப்படியே இருந்தது. பிறகு அது ஆடியது. அணைக்கப் பார்த்திருப்பார், பதற்றத்தில் அமுக்கிப் பிடிக்கவோ கையால் மூடவோ யாருக்குத் தோன்றும்? வெளிச்சம் இருந்தால் ஏற்ற வேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கம். நான் வழக்கத்தை மீறவில்லை.

மோட்டார் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். கேட்டது சார். "மச்சான்" என்றுதான் கூப்பிட்டார், இரண்டு தடவை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் நான் நிறுத்தியிருக்கலாம். என் விரல் ஏற்றுகிற பொத்தான்மேல்தான் இருந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். மோட்டார் திணறி நின்ற பிறகுதான் எடுத்தேன்.

கம்பெனி அதை விபத்து என்று எழுதி முடித்தது. எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. தங்கச்சி மட்டும் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கீழே இறங்கி வந்து என் கதவுப் பக்கத்தில் நின்றாள்.

"அவர் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலம்மா."

"என்னைப் பார்த்துச் சொல்லுண்ணா."

பார்த்தேன். சொல்ல வரவில்லை. அவள் மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் குழந்தை படியில் நின்று கூப்பிடவில்லை. உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவள்தான் என்கிறீர்கள். செய்திருப்பாள், துக்கத்தில் இருப்பவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்வாள். நேற்று நீங்கள் என்னை இங்கே கூட்டி வந்த பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தையோடு போய்விட்டாள் என்றும் சொல்கிறீர்கள். அதை மட்டும் நான் நம்ப மாட்டேன் சார். எங்கே போவாள்? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்கு யாரும் இல்லாமல் போகக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன்.

எழுதி முடித்தாயிற்றா? கையெழுத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். நான் போகிறவரை அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.