திட்டு வந்துவிட்டது

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்:

“நேத்து எங்க வூட்டுக்காரரு என்னத் திட்டிட்டாருக்கா.”

“அதுக்கு இன்னாத்துக்குடி சிரிக்கிற?”

“புளி உலுக்கசொல்ல மரத்துலருந்து வுழுந்து மண்டைல அடி. நாலு மாசமா ஒரு பேச்சு இல்ல. தண்ணி கேக்க முடியாம அழுவாரு. நேத்து கஞ்சி வாய சுட்டுச்சி, ‘சனியனே’ன்னாரு. சுத்தமா!”

“பாவம், புத்தி கலங்கிடுச்சா?”

“புத்தியெல்லாம் நல்லாத்தான் கீது. வார்த்ததான் வர்ல. கோவத்துல வர்ற வார்த்த சிலருக்கு மொதல்ல வந்துடுமாம், டாக்டரு சொன்னாரு. மீதிக்குப் பயிற்சி குடுக்கத்தான் இட்டுனு போறேன். எம்பேர சொல்லாம அவரு திட்னதே இல்லக்கா. அதுவும் வந்துடும்.”

ஜன்னலோரம் அவள் கணவர் மலையைப் பார்த்தபடி இருந்தார். வளைவில் மாடு ஒன்று குறுக்கே வர, ஓட்டுநர் சடாரென்று பிரேக் அடித்தார்.

“சனியனே!”

பேருந்து முழுக்கக் கேட்டது. ஓட்டுநர் முறைத்துத் திரும்பினார்.

அவள் எழுந்து நின்றாள்.

“கோச்சிக்காதீங்கண்ணா. அடுத்த வளைவுலயும் இதே மாதிரி பிரேக் போடுங்க. எம்பேரு இன்னும் வர்ல.”