மிங்கிஸ் குலத்தின் வால் முளைத்த எழுத்து

நம் குலக்கூட்டத்தின் பெருமதிப்பிற்குரிய தலைவர், ஓய்வுபெற்ற பாதிரியார் வில்மட் அவர்களே! இரண்டு மணிக்கே கம்பளிச் சால்வை விரித்து முன்வரிசையைக் கைப்பற்றிவிட்ட தாய்மார்களே! பேச்சு முடிந்தால் விஸ்கி வரும் என்ற ஒரே நம்பிக்கையில் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! அனைவருக்கும், எடின்பரோவுக்கு வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் வீம் ஊரின் நனைந்த வணக்கம்.

இன்று நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. ஒழுகும் இந்த மண்டபத்துக் கூரையின்மீது ஆணை!

நம் குலப்பெயர் என்ன? மிங்கிஸ்! தாளில் இருப்பது என்ன? மென்சீஸ்! ஏன் இந்த அவலம்? பழைய தோல் ஏடுகளில் நம் பெயரின் நடுவே ஓர் எழுத்து வீற்றிருந்தது. மூன்று என்னும் எண்ணுக்கு வால் முளைத்தாற்போல் வளைந்து, நெளிந்து, வாட்டசாட்டமாய் வாழ்ந்தது. பிறகு அச்சு வந்தது. அச்சுக்காரன் பெட்டியில் அந்த எழுத்து இல்லை. "சாயல் ஒண்ணாத்தான இருக்கு" என்று ஆங்கில 'இசட்' எழுத்தைப் பிடித்துச் செருகினான். செருகியவன் செத்துப்போனான், நாம் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறோம்!

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊர்த் தேவாலயத்தில் என் தம்பி டூகலுக்குத் திருமணம். மணமகள் உனா. நடத்தியவர், இங்கிலாந்தின் தென்கோடியிலிருந்து வந்து நான்கே நாளான இளம் பாதிரியார். (தலைவர் ஏன் அவசரமாகத் தண்ணீர் குடிக்கிறார்?)

"டூகல் மென்சீஸ், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறாயா?"

டூகல் திரும்பி வாசலைப் பார்த்தான்.

"தம்பி, உங்களத்தான் கேக்குறேன்."

"ஐயா, நீங்க கூப்பிட்ட ஆளு வந்ததும் அவன்கிட்ட கேளுங்க. நான் மிங்கிஸ்."

"தாள்ல இசட் இருக்கேப்பா! மாத்திப் படிச்சா கல்யாணம் செல்லாது."

ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. பனி பெய்தது, உருகியது. வாசலில் நின்ற ஆடு குட்டி போட்டது. அந்தக் குட்டியும் குட்டி போட்டது. பின்வரிசையில் யார் சிரிப்பது? குட்டிகளை எண்ணியதே உங்கள் அத்தைதான் ஐயா!

உனா திரும்பினாள். "இங்க பாரு டூகல், பூ வாடிப்போச்சு, எங்கம்மா தூங்கிட்டாங்க. எனக்குப் புருஷன் வேணும், எழுத்து வேணாம். பதில் சொல்றியா, நான் ரொட்டிக்கடைக்காரர் மகனக் கட்டிக்கவா?"

"என் பேரே இல்லாத கல்யாணத்துல, நீ யாரு பொண்டாட்டின்னு சொல்லிக்குவ உனா?"

உனா அவனையே பார்த்தாள். விறுவிறுவென்று நடந்தாள். வாசலுக்கா? இல்லை! பாதிரியார் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். பதிவேட்டில் இசட்டை அடித்தாள். மேலே மூன்றை வரைந்தாள், வாலை வளைத்தாள்.

"இப்பப் படிங்க ஐயா."

பாதிரியார் ஏட்டைச் சாய்த்துப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். "இது என்னம்மா, தூண்டில் முள்ளா?"

"படிக்கத் தெரியலல்ல? அப்ப நான் சொல்றத சொல்லுங்க. மிங்கிஸ்!"

"மிங்கிஸ்!"

"ஏற்கிறேன்!" என்று டூகல் போட்ட கூச்சலில் எடின்பரோ வரை ஜன்னல் கண்ணாடி உடைந்தது.

அன்பர்களே! நம் பெயரைக் கோட்டையா காத்தது? கொத்தளமா காத்தது? வாளா, வேலா, வீராப்பா? ஒரு மணமகளின் பேனா காத்தது!

பொறுமை காத்தோருக்கு நன்றி, விஸ்கிக்கு வழிவிடுகிறேன், வணக்கம்.

மேடையை விட்டு இறங்குமுன் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஆடு பொய். பனி பொய். கண்ணாடியும் பொய். ஆனால் அந்தப் பதிவேட்டில் அடிபட்ட இசட்டின் தலைமேல் வாலோடு ஓர் எழுத்து இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அது மெய். ஓய்வுபெறும் வரை தினமும் அந்த ஏட்டைப் புரட்டிய தலைவர், அதை மட்டும் திருத்தவே இல்லை.