செம்மல் வெறுங்காலில் ஓட்டிய கார்

ராத்திரி பதினொன்றே கால். லாஸ்பேட்டை விமான நிலையத்துச் சுவரை ஒட்டிப் போகிற சாலை. தெருவிளக்கு உண்டு, எரியாது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முள்ளுப் புதர். நடுவில் ஒரு வளைவு... வளைவில் ஒரு புளியமரம். அந்த மரத்தில் இடுப்பு உயரத்துக்குப் பட்டை கிடையாது. சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. எத்தனை மழை பெய்தும் அது போகவில்லை.

அபி, போனைக் கீழே வை. கரன்ட் போய் எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், "செமயா இருக்கு அத்தை" என்று காட்டினாயே, அந்தப் பெயின்ட் அதே காருடையதுதான். அழகுதான், யார் இல்லை என்றது? அது எப்படி வந்த அழகு என்று கேட்டுவிட்டு அப்புறம் லைக் போடு.

இது என் தங்கை வீட்டுக்காரர் வடிவேலுக்கு நடந்தது. தட்டாஞ்சாவடியில் ஹரிகிருஷ்ணன் என்று ஒருவர் ஷெட் வைத்திருந்தார். அந்தக் காலத்து ரேஸ் கார், மேல்கூரை இல்லாமல் ரெண்டே சீட்டோடு இருக்குமே, அதை அச்சு அசலாகப் புதிதாகச் செய்து விற்பது தொழில். உடம்பு பழைய ஜாடை. உள்ளே இருக்கிற இன்ஜின் ஜப்பான்காரனுடையது, புத்தம் புதுசு. வடிவேல் அங்கே சீட் தைப்பவர். காரையே கட்டி எழுப்புகிறவன் செம்மல்.

செம்மலுக்கு ஒரு பழக்கம். புதுக் காரை முதல் தடவை ஓட்டும்போது செருப்பை ஷெட் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவான். "செருப்பு போட்டா பிரேக்கு இன்னா சொல்லுதுன்னு காலுக்குத் தெரியாது" என்பான். பீடி கிடையாது, குடி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்புக் கார் ஒரு சொல்தா வீட்டு ஆர்டர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பம். கம்பிச் சக்கரத்துக்கு உள்ளே தெரிகிற பிரேக்கும் பழைய மாதிரி சின்னதாகவே இருக்கட்டும், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று ஹரிகிருஷ்ணன் முடிவு செய்தார்.

"சார், இந்த இன்ஜினுக்கு இந்தப் பிரேக்கு தாங்காது" என்றான் செம்மல்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? ஓட்டிக் காட்டு."

ஓட்டிக் காட்டினான்... அந்த வளைவில் பிரேக் தாங்கவில்லை, கார் புளியமரத்தில் போய் மோதியது.

பின்னாலேயே வேறு வண்டியில் போன ஹரிகிருஷ்ணனும் வடிவேலும்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். செம்மல் சீட்டிலேயே போய்விட்டிருந்தான். வெறுங்கால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது. ஹரிகிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா? உடம்பை இழுத்து ரோட்டில் போட்டார். தன் வண்டியிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்து வந்தார். செம்மல் சட்டையில், நெஞ்சிலிருந்து இடுப்பு வரைக்கும், செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல ஊற்றினார். போலீஸ் வந்ததும், "குடிச்சிட்டு கேக்காம வண்டிய எடுத்துட்டான் சார்" என்றார். விடிவதற்குள் காரை ஷெட்டுக்கு இழுத்துப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

வடிவேலா? பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் வேலை போய்விடுமாம். என் தங்கை புருஷன் என்பதற்காக இதை நான் விட்டுவிட்டுச் சொல்ல மாட்டேன். அவர் முகத்துக்கு நேராகவே காறித் துப்பாத குறையாகக் கேட்டிருக்கிறேன்.

ஊர் என்ன, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்குமா? மறுநாளே குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டது. செம்மல் பெண்டாட்டி கார்குழலி கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் "பிராந்தி" என்று கூப்பிட்டார்கள். வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்.

ரோட்டில் செத்தவர்களை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உயிர் போன இடத்தில் கற்பூரம் ஏற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். பேர் முக்கியம். பேர் சொல்லாமல் கூப்பிட்டால் அங்கே யார் இருந்தாலும் கூட வருவார்கள். கார்குழலி புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். அதனால் மாமியார் அஞ்சலாட்சிதான் புளியமரத்தடியில் நின்று, "செம்மலு, வாடா" என்று கூப்பிட்டாள். கற்பூரம் பிடிக்கவே இல்லை.

"அவன் இங்க இல்லடி. உசுரு வண்டியிலதான போச்சு" என்றாள்.

நேரே ஷெட்டுக்குப் போனார்கள். ஹரிகிருஷ்ணன் கேட்டைப் பூட்டிக்கொண்டார். "குடிகாரனுக்கு என் ஷெட்டுல இன்னா பூசை? போங்க, போங்க." பாவி, தன் கையால் ஊற்றியவன் சொல்கிற சொல்லா இது? செம்மலின் செருப்பு அவன் கழற்றிவிட்ட இடத்திலேயே கிடந்தது. கார்குழலி அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் அந்தக் காரைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். இந்தத் தடவை பிரேக்கைப் பெரிதாகப் போட்டார் ஹரிகிருஷ்ணன். கேட்டீர்களா, இந்தத் தடவை.

நான் சொன்ன பதினொன்றே கால் அப்போதுதான். ரோடு காலியாக இருக்கும் என்று ஓட்டிப் பார்க்க எடுத்தார். எங்கேயாவது லொட லொட என்று சத்தம் வருகிறதா என்று கேட்க, பக்கத்து சீட்டில் வடிவேல்.

வளைவு வந்தது. கார் மெதுவானது... நின்றது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"நான் நிறுத்தல."

ஹரிகிருஷ்ணனின் ஷூ ஆக்சிலேட்டரை மிதிக்கிறது. இன்ஜின் அலறுகிறது. சக்கரம் அசையவில்லை. மீட்டர் வெளிச்சத்தில் வடிவேல் குனிந்து பார்த்தார். பிரேக் பெடல் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. அதன்மேல் கால் எதுவும் இல்லை.

அப்புறம் வாடை... பிராந்தி. ஹரிகிருஷ்ணன் சட்டையில் நெஞ்சிலிருந்து ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டு... ஷூவின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "செம்மலு, வுட்ருடா" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் குரல் வரவில்லை.

வடிவேல் குதித்து இறங்கிக் கார்குழலிக்குப் போன் போட்டார். அன்றைக்குத்தான் அந்த வாய் திறந்தது. "அக்கா, அண்ணன் குடிக்கல. சாருதான் ஊத்துனாரு, நான் பாத்தேன். வண்டி மரத்துகிட்ட நிக்குது. அண்ணனும் இங்கதான் இருக்காரு... வாங்கக்கா."

அவள் வீடு பக்கத்துத் தெரு. மாமியார் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அதனால் கார்குழலி தனியாக வந்தாள், கையில் செருப்போடு. ஹரிகிருஷ்ணனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செருப்பைக் கார் கதவுக்குக் கீழே வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். சட்டென்று பிடித்தது.

"உங்களக் குடிகாரன்னு சொன்னானுங்க. நானும் பல்லக் கடிச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தேன். போதும். எழுந்து வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

திரும்பி நடந்தாள்.

பேர் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பேர் அந்த நேரத்தில் மட்டும் வாயில் வந்துவிடுமா?

பெடல் மெல்ல மேலே வந்ததை வடிவேல் பார்த்தார். கீழே செருப்பைக் காணோம். சளப், சளப் என்று அவள் பின்னாலேயே சத்தம் போயிற்று. கொஞ்சம் விட்டு இன்னொரு சத்தம்... டக், டக். ஷூ சத்தம். வடிவேல் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஹரிகிருஷ்ணன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

இன்றைக்கும் தன் வீட்டில் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். ஊட்டினால் விழுங்குகிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆர்டர் கொடுத்த வீட்டார் கார் வேண்டாம் என்றுவிட்டார்கள், அவர் பெண்டாட்டி அதை விற்கப் போட்டிருக்கிறாள். அதுதான் உன் போனுக்கு வந்தது, அபி.

கார்குழலி தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். ராத்திரியானால் அவள் வாசலில் ஷூ சத்தம் நடக்கிறது. பிராந்தி வாடை அடிக்கிறது. "அவன் குடிக்கல. நான்தான் ஊத்துனேன். உள்ள வுடும்மா" என்று ஓர் ஆள் குரல். குடிகாரன் என்று சொன்ன வாயெல்லாம் இப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்கிறது.

"பேர் சொல்லித் திருப்பி அனுப்பிடலாம்ல அத்தை?"

நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன், அபி. "சொல்லட்டும்க்கா. இன்னும் நெறைய பேரு காதுல வுழணும்" என்றாள்.

அவள் கதவைத் திறப்பதில்லை. அன்றைக்குக் காணாமல்போன செருப்பு அவள் வீட்டு வாசலில்தான் கிடந்ததாம். படுக்கப் போகும்போது அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். விடிந்து பார்த்தால் வாசற்படிக்கு உள்பக்கம் இருக்கும், முனை தெருவைப் பார்த்தபடி. தொட்டால், இப்போதுதான் யாரோ காலிலிருந்து கழற்றியதுபோலச் சூடாக இருக்கும்.