கதவருகே கத்தும் பூனை

எல்லாம் சரியான வரிசையில் நினைவிருக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் பாஷா. நான் பால்கனியிலிருந்து கூடையை இறக்கிய பிறகு பக்கத்து வீட்டுத் தவ்லத் கத்தினாளா, அவள் கத்தியதால் இறக்கினேனா என்பதில்கூட எனக்குக் குழப்பம் உண்டு. பூனைகளைப் பற்றிச் சொல்வதில் மட்டும் பிழை இருக்காது.

மூடிய கதவருகே பூனை கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். திறந்துவிட்டால் வெளியே போகாது. நிலைப்படியில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். வெளியே போவதல்ல அதற்கு வேண்டியது, வழி இருக்கிறதென்று தெரிவதுதான். இது புரியாதவர்கள் திமிர் என்கிறார்கள். அன்ஃபூஷி மீனவர் பகுதியில் எங்கள் நாலாவது மாடி வீட்டில், எங்கள் பூனை ஃபுல்லாவைக் கவனித்து நான் கற்றது இது.

என் தங்கை விக்தானை நான்தான் வளர்த்தேன். அம்மா இறந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை அவளுக்காகவே திருப்பி அனுப்பினேன். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் ஸுப்ஹியோடு அவள் பழகியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஃபுல்லாதான் காட்டிக்கொடுத்தது. வேற்று ஆளைக் கண்டால் சீறுகிற பூனை அது. கட்டட வாசலில் நின்றிருந்த அவன் காலில் போய்க் கன்னத்தைத் தேய்த்தது. தன் வீட்டு மனிதர் என்று எண்ணியவர்மேல்தான் பூனை அப்படித் தன் வாசனையைப் பூசும். நான் இல்லாதபோது அவன் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறான்.

கேட்டேன். விக்தான் மறைக்கவில்லை.

“கல்யாணம் பண்ணிக்கிட்டு திம்யாத்துக்குப் போறோம்க்கா. நீயும் வந்துடேன். பூனையையும் தூக்கிட்டு வா.”

“எடம் மாறினா பூனை சாப்பிடாதுடி.”

“நான் பூனை இல்லக்கா.”

அன்று மாலை அவள் அறையைப் பூட்டினேன்.

தட்டினாள், அழுதாள். திறக்காவிட்டால் பூனை கத்துவதை விட்டுவிடும். அவளும் விட்டாள். பிறகு உள்ளேயிருந்து மெல்லிய பாட்டுப்போல ஒன்று கேட்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் தவ்லத் என்னைப் படிக்கட்டில் மடக்கினாள்.

“என்ன ஃபிக்ரியா, தங்கச்சி பாடுறாப்ல இருக்கு? கோவம் ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு,” என்றேன்.

பூனை சந்தோஷத்தில் மட்டும் குர்குரென்பதில்லை, பாஷா. வண்டியில் அடிபட்டு இடுப்பு முறிந்த பூனை ஒன்று எங்கள் படியடியில் சாகும்வரை குர்குரென்றபடியே கிடந்தது. உடம்பு மோசமானால் சாப்பிடாமல் இருட்டு மூலையில் போய் ஒளியும். நான் தட்டு வைக்கப் போனபோது விக்தான் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். வயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு முனகினாள். நெற்றி நெருப்பாய்ச் சுட்டது. தட்டை வைத்துவிட்டுப் பூட்டினேன்.

சுவருக்கு அப்பால் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டு, தவ்லத் ஸுப்ஹியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் தெருவில் வந்து நின்றான்.

“கூடையை இறக்குங்கக்கா! மருந்து இருக்கு. அவ கையில குடுத்தா போதும், போயிடுறேன். இல்லேன்னா கதவை ஒடைச்சுக்கிட்டு வருவேன்.”

“இறக்கேன்டி,” என்று தவ்லத் தன் பால்கனியிலிருந்து கத்தினாள். “கூடைக்குள்ள உக்காந்து அவனே மேல வந்துடுவான்னு பயமா?”

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். ரொட்டிக்கும் மீனுக்கும் தினமும் இறக்கும் கூடைதான். கயிற்றை மெல்ல விட்டு இறக்கினேன், மருந்தை வைத்தான், இழுத்துக்கொண்டேன். கூடை மேலே போனதை எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் அதற்குமேல் கவலையில்லை. அவனும் போய்விட்டான். அந்தப் பொட்டலத்தைத் தேயிலை டப்பாவுக்குப் பின்னாலிருந்து நீங்கள்தானே எடுத்தீர்கள். பிரிக்கப்படாமல் இருந்தது.

படிக்காத பெண், நோயின் கடுமை தெரியாமல் இருந்துவிட்டாள் என்று எழுதப் பார்க்கிறீர்கள். இரக்கத்தில் செய்கிறீர்கள். வேண்டாம். அந்தத் தெருவில் அவள் நிலை தெரிந்த ஒரே ஆள் நான்தான். மருந்து தின்று தேறினால் போய்விடுவாள். டாக்டரை அழைத்தால் கதவைத் திறக்க வேண்டும், திறந்தாலும் போய்விடுவாள். தெரிந்தேதான் பூட்டி வைத்தேன். தெரிந்தேதான் சாகவிட்டேன். அப்படியே எழுதுங்கள்.

ஸுப்ஹி தனியாகத் திம்யாத்துக்குப் போய்விட்டான். தவ்லத் வீட்டைக் காலி செய்துவிட்டாள். விக்தான் அம்மாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். ஃபுல்லா அந்த அறை வாசலில் உட்கார்ந்து ஓயாமல் கத்துகிறதாம், உங்கள் ஆட்கள் திறந்துவிட்டும் உள்ளே போகவில்லையாம்.

அது என்னைத்தான் கூப்பிடுகிறது.