தானே திருத்தும் வசதி

அப்பா: "...மனித குலத்தின் நிம்மதியை இதுவரை மூன்று சக்திகள் குலைத்திருக்கின்றன. ஒன்று, போர். இரண்டு, கொள்ளைநோய். மூன்றாவது, சென்ற வாரம் எனது கைபேசிக்குள் எனது அனுமதியுடனேயே நுழைந்து எனது குடும்பத்தைச் சீர்குலைத்த உங்களது அப்டேட்." அடிச்சிட்டியா பாப்பா?

மகள்: கொள்ளைநோய் வரைக்கும் வந்திருக்கேன்பா.

அப்பா: ஏன் அங்கேயே நின்னுட்டே?

மகள்: நான் நிக்கல. புகார் எழுதற கட்டம் நிரம்பிடுச்சு. இதுக்கு மேல ஏறாதாம்.

அப்பா: பாத்தியா... குறை சொல்ல வர்றவன் வாயை அடைக்கறதுக்குன்னே கட்டத்தைச் சின்னதா வெச்சிருக்கான். அதையும் ஒரு குறையாச் சேர்த்துக்கோ.

மகள்: எங்கப்பா சேர்க்கறது? அதான் நிரம்பிடுச்சே.

அம்மா: போரைத் தூக்கிடுங்க. இடம் கிடைக்கும்.

அப்பா: நீ இஸ்திரி போடற வேலையைப் பாரு. போர் இல்லேன்னா புகாருக்கு ஒரு கனம் வராது.

அம்மா: "எனது" மூணு இருக்கு. ரெண்டையாவது வெட்டலாம்.

அப்பா: அச்சகத்துல நாள் முழுக்க அடுத்தவன் எழுதினதை வெட்டி வெட்டி, வீட்டுக்கு வந்தாலும் இவளுக்குக் கை சும்மா இருக்காது.

மகள்: அம்மா இல்லேன்னா உங்க குடியிருப்போர் சங்கத்து மானமே போயிருக்கும்பா. "நாளை காலை கண்ணீர் வராது, சேமித்து வைத்துக்கொள்ளவும்"னு நோட்டீஸ் ஒட்டப் பாத்தீங்களே...

அப்பா: அதுவும் போன் பண்ண கோளாறுதான்.

அம்மா: அது நீங்க பேனாவால எழுதினதுங்க.

அப்பா: ...சரி, விஷயத்துக்கு வருவோம்.

மகள்: அதைத்தான் நானும் கேக்கறேன். என்ன குறைன்னு ஒரே வரியில சொல்லுங்க.

அப்பா: ஒரு வரியா? உன் கல்யாணமே நின்னு போயிருக்கு. அதை ஒரு வரியில சொல்லச் சொல்றே.

மகள்: "கல்யாணம் நின்னுடுச்சு." ரெண்டே வார்த்தைப்பா.

அப்பா: சிரிக்காதே. நான் சம்பந்திக்கு என்ன அடிச்சேன்? "எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வர, நாங்க குடுத்து வெச்சிருக்கணும்." எவ்வளவு பணிவு பாரு. அந்தப் பணிவை வரவழைக்க ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து யோசிச்சேன். அங்க போய்ச் சேர்ந்தது என்ன? "நீங்க குடுத்து வெச்சிருக்கணும்." ஒரே ஒரு எழுத்து... "நா" போய் "நீ" வந்துடுச்சு.

அம்மா: கீழ "இப்படிக்கு, தலைவர்"னு வேற போட்டிருந்தீங்க.

அப்பா: அது நான் எப்பவும் போடறது.

மகள்: அவருக்கு அது உத்தரவு மாதிரி இருந்திருக்கும்.

அப்பா: அவர் திருப்பி என்ன சொன்னார் தெரியுமா? "அவ்வளவு பெரிய பாக்கியம் எங்களுக்கு வேண்டாங்க. அந்த அளவுக்கு நாங்க குடுத்து வெக்கல"ன்னு போனை வெச்சிட்டார். நான் விடல. மறுபடி கூப்பிட்டு, இது அப்டேட் பண்ண வேலைன்னு விளக்கினேன். அப்புறம்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். போன்தான் மாத்திச்சுன்னு கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்தா மேற்கொண்டு பேசலாமாம்.

மகள்: அப்போ... அவங்க பதில் போட்டா கல்யாணம் மறுபடி...

அப்பா: பேசி முடிச்ச மாதிரியே நடக்கும். நீ கவலைப்படாம அடி.

மகள்: அடிக்கறேன்.

அப்பா: என்ன விரல் இப்படி ஊர்ந்து போகுது? மத்த நேரத்துல குதிரை மாதிரி ஓடும்.

மகள்: இல்லப்பா... இந்தப் புகாரெல்லாம் அவங்க படிப்பாங்களான்னு யோசிக்கறேன். உங்களுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான பேர் எழுதியிருக்காங்க.

அப்பா: என்ன எழுதியிருக்கான்? படி. பொதுமக்கள் குரல் என்னன்னு தெரிஞ்சுக்கலாம்.

மகள்: "தமிழில் பிழைகளைத் தானே திருத்தும் வசதி என்றார்கள். மனைவிக்கு ‘அரிசி வாங்கி வரேன்’ என்று அனுப்பினேன். ‘அரசி வாங்கி வரேன்’ என்று போயிருக்கிறது. அரசி யார் என்று கேட்கிறாள். ஒரு நட்சத்திரம்."

அப்பா: பாவம். அடுத்தது?

மகள்: "விண்ணப்பத்தைப் ‘பணிவுடன்’ என்று முடித்தேன். ‘துணிவுடன்’ என்று மாற்றிவிட்டது. மேலாளர் பயந்துபோய் விடுமுறை கொடுத்துவிட்டார். ஐந்து நட்சத்திரம்."

அப்பா: ம்.

மகள்: "அலாரம் அடிப்பதில்லை. நிம்மதியாகத் தூங்குகிறேன். தயவுசெய்து சரிசெய்துவிடாதீர்கள்."

அப்பா: பொறுப்பில்லாத ஜனங்க. கடைசியா ஒண்ணு இருக்கே, அது என்ன?

மகள்: அது... ஒண்ணும் இல்ல.

அப்பா: படி.

மகள்: "ஒரே ஒரு எழுத்தை மாற்றி என் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டது இந்த அப்டேட். கோடி நன்றி. ஐந்து நட்சத்திரம்."

அப்பா: யாரு இந்த முட்டாள்?

மகள்: பேர் போடல. "கடைவாய்ப்பல்"னு இருக்கு.

அப்பா: பேரைப் பாரு. இந்த மாதிரி ஆளுங்க இருக்கறவரைக்கும் கம்பெனிக்காரன் திருந்த மாட்டான். சரி, என் குறைகளை வரிசையா அடி. அப்டேட் வந்ததுலேர்ந்து எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாத் தெரியுது. முகத்தைக் காட்டினாத் திறக்கறதில்ல. சங்கத்து குரூப்ல காலை வணக்கம் போட்டா ஒருத்தரும் பதில் போடறதில்ல.

மகள்: அது முன்னாடியும் அப்படித்தானேப்பா...

அப்பா: முன்னாடி காவலாளியாவது கைகூப்புவார். இப்போ அதுவும் நின்னுடுச்சு.

அம்மா: அவர் வேலையை விட்டுப் போயிட்டார்.

அப்பா: ...சரி, அதை விட்டுடு. கல்யாணத்தை மட்டும் அழுத்தமாப் போடு. எப்பேர்ப்பட்ட குடும்பம்னு எழுது. வீட்டுக்கு ரெண்டு கேட்டு.

அம்மா: ரெண்டுலயும் பூட்டு.

அப்பா: பாதுகாப்புக்குப் போட்டிருப்பாங்க. உனக்கு எதைப் பாத்தாலும் நொட்டை. அந்த மனுஷன் எவ்வளவு தன்மையாப் பேசினார்.

மகள்: "பல்லு புடுங்கற வேலையெல்லாம் கல்யாணம் வரைக்கும்தானே"ன்னு கேட்டாரே, அதுவாப்பா?

அப்பா: வேடிக்கையாக் கேட்டார்.

மகள்: நீங்க "அதெல்லாம் உங்க விருப்பம்"னு சொன்னீங்க.

அப்பா: ஒரு மரியாதைக்குச் சொன்னேன்.

மகள்: நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கிளினிக் திறந்து வருஷம் கூட ஆகல. அவர் வாயத் திறந்து சிரிச்சப்போ சொத்தைப் பல்லு நல்லாத் தெரிஞ்சுது. அதைக்கூட நான் சொல்லல.

அப்பா: நல்லவேளை.

அம்மா: மாப்பிள்ளை என்ன பேசினார்னு கேளு.

மகள்: "சார்ஜர் இருக்கா"ன்னார்.

அப்பா: பேச்சு குறைவான பையன். குடும்பத்துக்கு அதுதான் நல்லது. நீ அடி பாப்பா. கம்பெனி பதிலைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நான் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவேன். நம்ம பக்கம் தப்பு இல்லேன்னு நிரூபிச்சாகணும். நான் ஒரு தலைவர்.

மகள்: அடிச்சாச்சு. இப்போ உங்க போன்ல எந்தப் பதிப்பு ஓடுதுன்னு கேக்குது. அதை நிரப்பினாத்தான் புகார் போகும். போனைக் குடுங்க.

அப்பா: இரு, திறந்து தரேன்... இதோ... பாத்தியா, முகத்தைக் காட்டறேன், அசையுதா பாரு.

அம்மா: மீசைக்கு மை பூசினப்புறம் அதுக்கு நீங்க யாருன்னே தெரியல. நம்பரைப் போடுங்க.

அப்பா: ...ம். இந்தா.

மகள்: செட்டிங்ஸ்... இந்த போனைப் பற்றி... அப்டேட்... அப்பா.

அப்பா: என்ன?

மகள்: "புதிய அப்டேட் தயாராக உள்ளது. போதிய இடம் இல்லாததால் நிறுவ இயலவில்லை."

அப்பா: தயாரா உள்ளதா? உள்ள பூந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டு, இனிமேத்தான் தயாராங்கறானா?

மகள்: உள்ள வரவே இல்லப்பா. இன்னும் வாசல்லதான் நிக்குது. ஓடறதெல்லாம் பழசுதான்.

அப்பா: சக்கரம் சுத்திச்சே. கண்ணால பாத்தேன். சங்கத்துல கூட அறிவிச்சேன்.

மகள்: சுத்திப் பாத்துட்டு நின்னிருக்கும். எங்க இருக்கு இடம்? "தலைவர் உரை, ஆண்டுக் கூட்டம்." "தலைவர் உரை, தண்ணீர்த் தொட்டி திறப்பு." "தலைவர் உரை, கண்ணாடி முன் ஒத்திகை"... போன் முழுக்க நீங்கதான் பேசிட்டிருக்கீங்க.

அம்மா: தினமும் இடம் இல்ல, இடம் இல்லன்னு அது சொல்லிட்டே இருந்துது. ஏதோ விளம்பரம், மூடுன்னீங்க. மூடினேன்.

அப்பா: அப்போ எழுத்து பெரிசாத் தெரியுதே?

அம்மா: புதுக் கண்ணாடி.

அப்பா: அப்போ அந்தத் தானே திருத்தற வசதி...

மகள்: இந்த போன்ல இல்லவே இல்ல.

அப்பா: அப்படீன்னா "நா" எப்படி "நீ" ஆச்சு? பாப்பா... என் முகத்தைப் பாத்துச் சொல்லு. நீயா?

மகள்: சத்தியமா நான் இல்லப்பா. உங்க போனை நான் தொடக்கூட இல்ல. நான் பண்ணதெல்லாம்... அந்தக் கடைவாய்ப்பல் நான்தான்.

அப்பா: எது? கோடி நன்றியா?

மகள்: அப்டேட்தான் பண்ணுச்சுன்னு நம்பி அஞ்சு நட்சத்திரம் குடுத்துட்டேன்.

அப்பா: காப்பாத்திச்சுன்னு எழுதியிருக்கே... உனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கலையா? அதை ஏன் என்கிட்ட சொல்லல?

மகள்: சொல்லத்தான் வந்தேன். ரெண்டு மூணு தடவை. நீங்க பேசிட்டிருந்தீங்க.

அப்பா: பேசிட்டா இருந்தேன்?

மகள்: சரி விடுங்கப்பா.

அப்பா: இல்ல, இரு... நீயும் தொடல. அப்டேட்டும் வரல. அன்னிக்கு போன் என் கையைவிட்டு இறங்கவே இல்லையே. நான்தான் அடிச்சேன்... நான்தான் ஒரு தடவை சத்தமாப் படிச்சுப் பாத்தேன்... அப்புறம், பிழை இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பிடுன்னு இவகிட்ட குடுத்தேன்... குடுத்துட்டு நான்...

மகள்: அம்மா?

அம்மா: ஒரு எழுத்து தப்பா இருந்துது. திருத்தினேன்.