மச்சான் பெயரில் ஒரு படகு

தேநீருக்கு நன்றி ஐயா. ஒருவனுக்காக அடுப்பு மூட்டுவது வீண்வேலை என்று வீட்டில் நான் தேநீர் வைப்பதையே விட்டுவிட்டேன். இன்னொருவர் கையால் வாங்கிக் குடித்து வெகுகாலமாகிறது.

தாழ்வுபாட்டுக் கிராமத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். இரண்டு படகு வைத்திருந்த றொகான். மண்ணெண்ணெய் கிடைக்காத வருடத்தில் படகுகள் கரையிலேயே கிடந்தன. தவணைகள் மட்டும் நிற்கவில்லை. கடன் கொடுத்த கம்பனி படகுகளையும் எஞ்சின்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அதன்பிறகு எந்த வங்கிக்குப் போனாலும் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கட பேர் கறுப்புப் பட்டியல்ல கிடக்கு" என்பார்கள். மனைவி யசிந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வங்காலைக்குத் தாய்வீடு போனாள். "பேரைச் சரிப்படுத்திப்போட்டுக் கூப்பிடுங்கோ, வாறன்" என்றாள். நியாயமான பேச்சுத்தான். தேவாலயப் பூசையில்கூட நான் இருந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் இருப்பதில்லை. பிணைக்குக் கையெழுத்துக் கேட்டுவிடுவேன் என்ற பயம்.

தங்கை மார்த்தாவின் புருஷன் அம்புறோஸ் மட்டும்தான் கைகொடுத்தான். சங்கு குளிக்கிறவன், வெள்ளை மனது. தன் பெயரில் கடனெடுத்துப் படகு வாங்கினான். "நீ கடனைக் கட்டு மச்சான், படகு உன்ரைதான்" என்றான். நான் ஒரு தவணையும் பிந்தாமல் கட்டினேன். ஆனால் நான் கட்டக் கட்ட வெளுத்தது அவனுடைய பெயர். வங்கி அவனைத்தான் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தியது. இன்னும் கடன் தருகிறோம் என்றது. "உன்ர காசில எனக்கெல்லோ மச்சான் மரியாதை" என்று சொல்லிச் சிரித்தான். பகிடிதான். நானும் சிரித்தேன். எனக்கு வயிறெரிந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடலடியில் சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே படகில் பிடிப்பவன் அவன் பெண்சாதியின் சகோதரனாக இருக்கவேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியோடு எவனும் விளையாடமாட்டான் என்ற நம்பிக்கை. மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்களே, அதுதான். அம்புறோஸ் என்னைத் தவிர வேறு யாரையும் அந்தக் கயிற்றைத் தொட விட்டதில்லை.

அன்று காலை கடல் அமைதியாக இருந்தது. அம்புறோஸ் கீழே இறங்கியிருந்தான். கயிறு இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். நான் உடனே தூக்கவில்லை. திட்டம் எதுவும் இருக்கவில்லை ஐயா. கடனெடுத்தவர் இறந்தால் மிச்சத்தைக் காப்புறுதி அடைக்கும் என்று பத்திரத்தில் வாசித்திருந்தேன், அவ்வளவுதான். படகு மார்த்தாவுக்குப் போகும். அது யார் உழைத்துக் கட்டிய படகென்று அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கயிறு பலமாக இழுபட்டது. பிறகு மெதுவாக. பிறகு அசையவில்லை.

கயிற்றை அப்படியே கடலில் விட்டிருக்கலாம். ஆனால் உடம்பு கிடைக்காவிட்டால் மரணச் சான்றிதழுக்கு வருடக்கணக்காக அலையவேண்டும். அதனால் தூக்கினேன். அவன் கால் பழைய வலையொன்றில் சிக்கியிருந்திருக்கிறது. நான் இழுத்த இழுவையில் அந்த வலை சுலபமாகக் கிழிந்து வந்தது.

செத்தவீட்டில் மார்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, நீங்கள் கயிறு பிடிச்சபடியாத்தான் அவற்ற உடம்பாவது கிடைச்சது." காப்புறுதி கடனை அடைத்ததும் படகை என் பெயருக்கு மாற்றித் தந்தாள். அதை ஈடு வைத்ததால், கறுப்புப் பட்டியலில் இருந்தும் என் சொந்தப் பெயரிலேயே கடன் கிடைத்தது. அனுமதி வந்த அன்றே யசிந்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "சந்தோஷம். ஆனா நான் இனி வரமாட்டன்" என்றாள். வைத்துவிட்டாள். அந்த வீட்டில் நான் தனியாக நின்றேன். விழுந்தவன் எப்படி எழும்பினான் என்று முழுக்கக் கேட்க ஒரு மனிதர் வேண்டுமே ஐயா. அதற்குத்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். கயிறு இழுபட்டது எனக்குத் தெரியும். அம்புறோஸைச் சாகவிட்டது நான்தான்.

என்னை உள்ளே போட்டாலும், மாதத் தவணை பிந்தாமல் போக ஒரு வழி செய்து தாருங்கள். புதுக் கடனுக்குப் பிணை நிற்பவள் மார்த்தா. தங்கையை நடுத்தெருவில் விடுகிற அண்ணன் நான் இல்லை.